அடியிலிருந்து வெட்டுவார்கள்

ஜேர்மன் எழுத்தாளர் ஹார்ட்முட் க்ரெல் இறந்துவிட்டார் என்ற செய்தியைக் கணினியில் கண்டு ஃப்ராவ் ஆல்பெர்ஸுக்கு வாசித்துக் காட்டியது நான்தான். அப்போது அவர் அவித்த முட்டையின் கோதை உரித்துக்கொண்டிருந்தார். பார்வை போனபிறகு எத்தனையோ வேலைகளை என்னிடம் விட்டுவிட்டார், முட்டை உரிப்பதை மட்டும் விடவில்லை. செய்தியைக் கேட்டதும் முட்டையைக் கோப்பையில் வைத்துவிட்டு, "இன்னொருமுறை வாசியுங்கள்" என்றார். வாசித்தேன். "எப்படிப் போனாராம்?" என்று கேட்டார். நித்திரையில் என்றேன். "அதுவும் அவருக்கு நல்லபடியாக வாய்த்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு அந்த முட்டையை எடுத்து, உப்புத் தொட்டு, சின்னச் சின்னக் கடியாக முழுவதையும் ரசித்துச் சாப்பிட்டார். ஒரு மனிதனின் சாவுச் செய்தியைக் கேட்டுவிட்டு இவ்வளவு வடிவாகச் சாப்பிட்ட ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

கெர்ட்ரூட் ஆல்பெர்ஸ் மொன்றியலில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஜேர்மன் பகுதிக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வுபெற்றவர். அது பகல் உத்தியோகம். மிச்ச நேரத்தில் ஜேர்மனியின் பெரிய பத்திரிகை ஒன்றுக்குப் புத்தக விமர்சனம் எழுதினார். மொன்றியலின் கொத்-டெ-நேஜ் பகுதியில் நாலாம் மாடியில் இருந்துகொண்டு, கடலுக்கு அப்பால் இருக்கிற எழுத்தாளர்களின் நித்திரையைக் கெடுத்த பெண் அவர். கலியாணம் செய்யவில்லை; ஃப்ராவ் என்பது ஜேர்மனில் பெண்களின் பெயருக்கு முன் போடுகிற மரியாதை. விழித்திரை நோய் வந்து எழுத்துகள் மறையத் தொடங்கியபோது, ஜேர்மன் பாண் விற்கும் பேக்கரியில் ஒரு விளம்பரம் ஒட்டுவித்தார்: ஜேர்மன் மொழியில் சத்தமாக வாசிக்க ஆள் தேவை. புளித்த கறுப்புப் பாண் வாங்கப்போன நான் அதைக் கண்டேன். என் பெயர் மாக்கிரட். ஊர் மன்னார். கனடாவுக்கு வருமுன்னர் ஜேர்மனியில் கிரேஃபெல்ட் நகரத்தில் பல வருடம் இருந்தேன். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சலவை வேலை. மத்தியானத்தில் கிழவிகளுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டியே மொழி படித்தவள் நான். முதல்நாள் என்னை அரைப் பக்கம் வாசிக்கவிட்டுக் கேட்டபிறகு ஃப்ராவ் ஆல்பெர்ஸ் சொன்னார், "உங்கள் ஜேர்மனில் சவர்க்கார வாசம் வருகிறது. பரவாயில்லை, முற்றுப்புள்ளியில் நிற்கத் தெரிகிறது." இப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

அவர் யாரையும் இலேசில் வெறுக்கமாட்டார். மோசமான புத்தகங்களைத் திட்டுவாரே தவிர அதை எழுதியவர்களை மறந்துவிடுவார். க்ரெல் மட்டும் விதிவிலக்கு. எழுபதுகளின் தொடக்கத்தில் க்ரெல் ஒரு குளிர்காலம் முழுக்க மொன்றியலுக்கு விருந்தினர் எழுத்தாளராக வந்திருக்கிறார். ஃப்ராவ் ஆல்பெர்ஸ் அவருக்கு நூலகத்தில் தனி மேசை கொடுத்து, தன் வீட்டில் இடம் கொடுத்து, மிச்சத்தையும் கொடுத்திருக்கிறார். பனி உருகியதும் க்ரெல் போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து ஒரு நாவல் வந்தது. அதில் கனடா நாட்டில் ஒரு நூலகர் வருகிறாள். புத்தகங்களை மணந்து பார்த்து அடுக்குகிறவள், காதலனிடம்கூடத் திருப்பித் தரவேண்டிய திகதியைக் கேட்கிறவள், குளிக்கும்போது பாடுகிறவள். அந்தப் பாத்திரத்தை வாசித்து ஒரு நாடே சிரித்தது. ஃப்ராவ் ஆல்பெர்ஸ் குளிக்கும்போது பாடுவது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

"உங்கள் பத்திரிகையில் அந்த ஆளைக் கிழித்திருக்கலாமே?" என்று நான் கேட்டேன்.

"முடியாது. அவருடைய புத்தகத்தைப் பற்றி நான் ஒரு கடுஞ்சொல் எழுதினாலும், அந்த நூலகர் இவள்தான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. அதனால் அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அவருடைய எல்லாப் புத்தகத்தையும் நூலகத்துக்கு வாங்கினேன். கிழிந்தால் ஒட்டினேன். பத்திரமாக வைத்திருந்தேன்."

காத்திருந்த பலன் கிடைத்தது. பெரிய பத்திரிகைகளில் ஒரு வழக்கம் உண்டு. புகழ்பெற்றவர்கள் வயதாகத் தொடங்கியதும் அவர்களுடைய அஞ்சலிக் கட்டுரையை உயிரோடு இருக்கும்போதே எழுதுவித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவார்கள். ஆள் கண்ணை மூடியதும் எடுத்துப் போடவேண்டியதுதான். க்ரெல்லுக்கு அறுபது தாண்டியபோது அந்தக் கட்டுரையைப் பத்திரிகை ஃப்ராவ் ஆல்பெர்ஸிடம் கேட்டது. அந்த ஆசிரியருக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. "யோசித்துப் பாருங்கள்" என்று ஃப்ராவ் ஆல்பெர்ஸ் என்னிடம் சொல்வார், "எழுத்தாளன் பதில் எழுதமுடியாத ஒரே விமர்சனம் அதுதான்." ஒவ்வொரு வருடமும் அதைத் திருத்திப் பத்திரிகைக்குப் புதிதாக அனுப்பினார். நான் வேலைக்கு வந்தபிறகு அந்தத் திருத்தத்தைச் செய்தது என் கைதான். அவர் சொல்வார், நான் கணினியில் தட்டுவேன், திரும்ப வாசிப்பேன். ஒரு சொல்லுக்காக ஒரு பின்னேரம் முழுக்க மல்லுக்கு நின்றிருக்கிறோம்.

கட்டுரை முழுவதும் பாராட்டு. புத்தகம் புத்தகமாக, நியாயமான, நிதானமான பாராட்டு. வாசகன் இந்த விமர்சகரை நம்பவேண்டும் என்பார். நம்பி, மனம் இளகி, கட்டுரை முடியப்போகிறது என்று நினைக்கிற இடத்தில் கடைசிப் பந்தி வரும். அது எனக்கு இன்றைக்கும் பாடம். "க்ரெல்லுக்குக் கற்பனை இருக்கவில்லை. அவருக்கு நண்பர்கள் இருந்தார்கள். தனக்குக் கட்டில் தந்தவர்களையும் சூப் தந்தவர்களையும் பெயரை மட்டும் மாற்றி உலகத்தின் சிரிப்புக்கு எடுத்துக் கொடுத்தார். அந்தச் சிரிப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அவருடைய அலமாரியில் மிஞ்சுவது மட்டைகள்தான்." இதை நான் வாசிக்கும்போதெல்லாம் ஃப்ராவ் ஆல்பெர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு, நல்ல பாட்டுக் கேட்கிறவர் மாதிரி ஒரு விரலால் கதிரைக் கையில் தட்டிக்கொண்டிருப்பார்.

அந்தப் பந்தி எனக்கு ஏன் இவ்வளவு பிடித்தது என்றால், எனக்கும் ஒருவர் இருந்தார். என் கணவர் அருமைராசாவின் தமையன் கிறிஸ்தோப்பர். எனக்கு அத்தான் முறை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்டில் பெரிய வீடு. கோயில் பங்கில் எல்லா விசயத்துக்கும் முன்னுக்கு நிற்பவர். தொண்ணூற்று நாலில், நாங்கள் கிரேஃபெல்டில் இருந்தபோது, எங்கள் மகனின் ஞானஸ்நானத்துக்கு மொன்றியலில் இருந்து வந்தார். அந்த நேரம் எங்களோடு இருந்த என் தங்கை பிரியந்திக்குப் பாரிசில் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை நல்ல பெடியன், அவளே பார்த்துப் பிடித்துச் சம்மதித்தவன். அத்தான் எங்கள் வீட்டில் நாலு நாள் இருந்தார், பிரியந்தி சமைத்ததைச் சாப்பிட்டார், பிறகு ரயில் ஏறிப் பாரிசுக்குப் போனார். மாப்பிள்ளை வீட்டில் இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். "பிள்ளை மொஸ்கோவில ரெண்டு மாசம் நாலு பெடியளோட ஒரே அறைக்குள்ள இருந்து வந்தவள். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லாமல் விட்டால் பாவம்" என்றிருக்கிறார்.

மொஸ்கோவில், எங்கள் சனத்தைக் கள்ளமாக ஐரோப்பாவுக்கு ஏற்றி அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஆண், பெண், ஒரு வயதுபோன தம்பதி, கைக்குழந்தை என்று எல்லாரையும் ஒரே அறைக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தான். அந்தப் பாதையால் வந்த யாருக்கும் இது தெரியும். பாரிசுக்காரருக்கும் தெரிந்திருக்கவேண்டும். ஆனால் ஒருவர் வாய்விட்டுச் சொன்னபிறகு அதைக் கேட்காததுபோல இருக்க அவர்களால் முடியவில்லை. பிரியந்தி அழவில்லை. எடுத்து வைத்திருந்த வெள்ளை உடுப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தநாள் வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு வந்த எந்தப் பேச்சுக்கும் தலையாட்டவில்லை. நாங்கள் கனடாவுக்கு வந்தபோது கூட வரவும் இல்லை. ஜேர்மனியிலேயே, ஹம் நகரத்தில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறாள். நான் தொலைபேசி எடுத்தால் கதைப்பாள், தானாக எடுக்கமாட்டாள்.

அத்தானிடம் நான் நேரே கேட்டேன். கேட்காமல் விடுவேனா? "மாக்கிரட், நான் பொய் சொன்னனானோ? சொல்லும் பாப்பம். நான் முகத்துக்கு நேர உண்மை சொல்லுற ஆள், அது எல்லாருக்கும் தெரியும்" என்றார். கனடாவுக்கு வந்தபிறகு ஒவ்வொரு நத்தாருக்கும், பாலன் பிறப்புப் பூசை முடிந்து, அவர் வீட்டு மேசையில் இருந்து சாப்பிட்டேன். பூசையில் சமாதானம் சொல்லும்போது அவர் கையைப் பிடித்துச் சமாதானம் சொன்னேன். பழி வாங்குகிறதென்றால் கிட்ட இருக்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் எப்படி வாங்குவதென்று தெரியவில்லை.

இதையெல்லாம் ஒருநாள் ஃப்ராவ் ஆல்பெர்ஸிடம் சொன்னேன். அனுதாபம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அந்த மனிதர் எதை நினைத்துப் பெருமைப்படுகிறார்?"

"உண்மை பேசுவதை."

"அப்படியென்றால் அங்கேதான் கைவைக்கவேண்டும். மற்ற இடமெல்லாம் தோல் தடிப்பாக இருக்கும்."

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஜூன் மாதம் க்ரெல் செத்தார். பத்திரிகை விமானத் தபாலில் வருவதற்குச் சில நாள் எடுக்கும். அந்த நாட்களில் ஃப்ராவ் ஆல்பெர்ஸ் தலைமயிரை வெட்டிக்கொண்டார், நல்ல சட்டை போட்டார், என்னிடம் பிறந்தநாள் கேக் மாதிரி ஒரு கேக் வாங்கி வரச் சொன்னார். பத்திரிகை வந்ததும் நான் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழித்து விரித்தேன். அந்த வருடம் உலகக் கிண்ணம் ஜேர்மனியில் நடந்ததல்லவா? முன்பக்கம், நடுப்பக்கம், கலாசாரப் பக்கம் எல்லாவற்றையும் காற்பந்து தின்றிருந்தது. முந்தினநாள் இரவு ஜேர்மனி போலந்தை வென்றிருக்கிறது, கொடி போர்த்த சனம் குதிக்கிற படம் பக்கத்தில் பாதி. அதற்குக் கீழே, கெர்ட்ரூட் ஆல்பெர்ஸ், மொன்றியல் என்ற பெயரோடு அஞ்சலி.

நான் எழும்பி நின்று வாசித்தேன். அப்படி வாசிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பாராட்டு ஒவ்வொன்றாக வந்தது, எனக்கு மனப்பாடம். "நம்முடைய உரைநடை அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது" என்ற வரி வந்ததும், அடுத்ததாகக் கடைசிப் பந்திக்கு மூச்சை எடுத்துக்கொண்டு பார்த்தேன். அங்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே காலநிலை. பக்கத்தைத் திருப்பினேன், காற்பந்து. திரும்பவும் முன்னே வந்தேன்.

"ஏன் நின்றுவிட்டீர்கள்?" என்றார்.

"அவ்வளவுதான் இருக்கிறது."

"கடைசிப் பந்தி?"

"இல்லை, ஃப்ராவ் ஆல்பெர்ஸ்."

அவர் கையை நீட்டிப் பத்திரிகையை வாங்கி, பக்கத்தின் அடியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, யாருக்கோ வகுப்பு எடுக்கிற குரலில் சொன்னார், "அடியிலிருந்து வெட்டுவார்கள். இடம் போதாவிட்டால் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். பத்திரிகையில் முதல்நாள் வேலைக்கு வருகிற பையனுக்கும் இது தெரியும். எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும்." நான் ஏதோ ஆறுதலாகச் சொல்லப்போனேன். "பேசாதீர்கள். நடுவில் வைத்திருக்கலாம். முதல் வரியிலேயே வைத்திருக்கலாம். கடைசியில்தான் அழகாக இருந்தது. அழகுக்காக வைத்தேன், முட்டாள்" என்றார். கேக்கை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. கட்டுரையின் மிச்சத்தைப் போடும்படி நாங்கள் எழுதியதற்குப் பத்திரிகையின் புதிய ஆசிரியர், கட்டுரை மிகவும் நெகிழ்ச்சியாக இருந்தது என்று வாசகர்கள் சொல்கிறார்கள், எதையும் சேர்க்கத் தேவையில்லை என்று பதில் போட்டார். பிறகு க்ரெல்லின் மனைவியிடமிருந்து ஓர் அட்டை வந்தது. அதையும் நான்தான் வாசிக்கவேண்டியிருந்தது. "உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. ஹார்ட்முட் உங்களை எப்போதும் அன்போடுதான் நினைவுகூருவார். தான் படைத்த பாத்திரங்களில் அந்த நூலகர்தான் தனக்குப் பிடித்தவள் என்பார்." குப்பையில் போடச் சொன்னார். போட்டேன். நான் சப்பாத்துப் போடும்போது திரும்பக் கூப்பிட்டு, எடுத்து வாசிக்கச் சொன்னார். பெருந்தன்மை என்ற சொல் வந்த இடத்தில் அவர் முகம் போன போக்கை என்னால் எழுதமுடியாது. அந்தக் கோடை முழுவதும் அவர் புதிய புத்தகம் ஒன்றும் கேட்கவில்லை. கதிரையில் இருந்து, நான் எதை வாசித்தாலும் சரி என்றார். எனக்கு அவரைப் பார்க்க அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. முப்பது வருடம் காத்திருந்த ஒரு மனுசியை ஒரு பந்து அடித்து விழுத்திவிட்டது.

ஒக்ரோபரில் கிறிஸ்தோப்பர் அத்தான் வீட்டு வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். மாரடைப்பு.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அருமைராசா சேர்ட் பொத்தானைக் கழற்றிக்கொண்டே என்னிடம் கேட்டார், "முப்பத்தோராம் நாளுக்கு மலர் அடிக்கவேணும். வாழ்க்கை வரலாறு ஆர் எழுதுறது? நீர்தான் எழுதக்கூடிய ஆள். அண்ணிக்கும் அதுதான் விருப்பம்."

எங்கள் சனத்தில் முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு சாப்பாட்டோடு ஒரு நினைவு மலர் கொடுப்பார்கள். அட்டையில் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, மனைவி மக்கள் புலம்பல், நன்றி நவிலல். மொன்றியலில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் ஒரு லாச்சி நிறைய இந்த மலர்கள் கிடக்கும். எறிய ஒருவருக்கும் மனம் வராது. செத்தவனைப் பற்றி அதில் நல்லதை மட்டும்தான் எழுதுவார்கள். எழுதிய எதையும் ஒருவரும் மறுக்கமாட்டார்கள். "சரி, நான் எழுதுறன்" என்றேன்.

அடுத்தநாள் ஃப்ராவ் ஆல்பெர்ஸ் வீட்டுக்குப் போய் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் சொன்னேன், "என்னுடைய ஆள் செத்துவிட்டார். அஞ்சலி எழுதச் சொல்லி என்னிடம் தந்திருக்கிறார்கள்."

கோடை முழுவதும் சாய்ந்து கிடந்த மனுசி நிமிர்ந்து இருந்தார். "எவ்வளவு நீளம்?" என்றார்.

அச்சடிக்கிற கிருபானந்தனிடம் நான் முதலே கேட்டிருந்தேன். "அக்கா, ரெண்டு பக்கம். கூடினா நான் கீழால வெட்டிப்போடுவன், பேந்து என்னைக் கோவிக்கக் கூடாது" என்றிருந்தான். இதைச் சொன்னதும் ஃப்ராவ் ஆல்பெர்ஸ் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். "எல்லா நாட்டிலும் அடியிலிருந்துதான்" என்றார். "நடுவில் வையுங்கள். பாராட்டின் வயிற்றுக்குள் வையுங்கள். அதை வெட்டினால் பாராட்டே செத்துப்போகவேண்டும்."

ஒரு வாரம் இருந்து செய்தோம். நான் தமிழில் எழுதுவேன், அவருக்கு ஜேர்மனில் சொல்வேன், அவர் திருத்துவார், நான் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவருவேன். கலியாணத்தைக் குழப்பினார் என்று முதலில் எழுதியிருந்தேன். "திட்டக்கூடாது. அவருடைய சொந்தச் சொற்களையே அவருக்குப் போர்த்துவிடுங்கள்" என்றார். கடைசி வசனம் முழுவதும் அவருடைய யோசனை. கடைசியில் நடுப்பந்தி இப்படி வந்தது:

"உண்மை என்று தாம் அறிந்ததை எவருடைய முகத்துக்காகவும் மறைக்காதவர். 1994ஆம் ஆண்டு எமது தங்கை பிரியந்திக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்த வேளையில், எவரும் கேளாமலே பாரிஸ் வரை பயணம் செய்து, தமது மனச்சாட்சி சொன்னதை மாப்பிள்ளை வீட்டாரிடம் எடுத்துரைத்துத் திரும்பியவர். அந்தத் தங்கை இன்றுவரை மணம் முடிக்காது அன்னாரின் நினைவோடு வாழ்ந்து வருகின்றார்."

நான் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். ஒரு சொல்லும் விளங்காமல் ஃப்ராவ் ஆல்பெர்ஸ் கண்ணை மூடிக் கேட்டார். "இது அழகாக இருக்கிறது. ஆனால் இந்தமுறை அழகுக்காக அல்ல" என்றார். பிறகு என் கையைத் தேடிப் பிடித்து, அந்த நாள் முடிந்ததும் வந்து எல்லாவற்றையும் சொல்லவேண்டும், யார் முகம் எப்படிப் போனது என்று ஒன்றும் விடாமல் சொல்லவேண்டும் என்றார்.

எழுதியதை முதலில் அருமைராசா வாசித்தார். நடுவில் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "இது வேணுமே, மாக்கிரட்?"

"ஏன், பொய்யோ?"

"பொய் எண்டு நான் சொல்லேல்ல."

"அண்ணை முகத்துக்கு நேர உண்மை சொல்லுற ஆள் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்? அதைத்தான் எழுதியிருக்கிறன்."

அவர் தாள்களைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டுத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். கொண்டெயினர் லொறி ஓட்டுகிறவர், வீட்டில் சண்டை வந்தால் வேலை நேரத்துக்கு முன்னரே போய்விடுவார். அத்தானின் மனைவி பிலோமினா அக்காவுக்கு நான் தொலைபேசியில் முழுவதையும் வாசித்தேன். அவா விம்மி விம்மி அழுதா. "என்ர மனுசனை ஆரும் இப்பிடி வடிவாய்ச் சொல்லேல்ல, மாக்கிரட். ஒரு எழுத்தும் மாத்தவேண்டாம்" என்றா. விளங்கிச் சொன்னாவா விளங்காமல் சொன்னாவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சாப்பாடு. வெளியே நொவெம்பர் மழை, உள்ளே சோறும் கறியும் ஆவி விட்டுக் யன்னல் கண்ணாடிகள் எல்லாம் பனிப்புகார் பிடித்திருந்தன. கிருபானந்தன் கதிரைக்கு ஒன்றாக மலரை வைத்துக்கொண்டு போனான். நான் சுவரோடு ஒரு மேசையில் இருந்துகொண்டு முகங்களைப் பார்த்தேன். எங்கள் சனம் மலரை எப்படி வாசிக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் படம், பிறகு தங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று நன்றி நவிலல், அதற்குப் பிறகுதான் வரலாறு. எங்கள் பங்கைச் சேர்ந்த செபஸ்தியாம்பிள்ளை மாஸ்டர் நடுப்பக்கத்துக்கு வந்தார். வந்தவர் நிமிர்ந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார், என்னைக் கண்டார், உடனே சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த மரவள்ளிக் கிழங்கைக் கவனமாகப் பிசையத் தொடங்கினார். அந்த மேசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளுக்கு விரலை வைத்துக் காட்டினாள். இன்னொரு மேசை. இன்னொன்று. மண்டபத்தின் சத்தம் ஒரு பிடி குறைந்தது. இத்தனை வருடம் நான் தின்ற நத்தார் சாப்பாடெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குச் செமித்தது. உண்மையைச் சொன்னால், சந்தோசமாக இருந்தது.

அப்போதுதான் மெலனி வந்து பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். அத்தானின் ஒரே மகள். இங்கே பிறந்தவள், மருந்துக்கடையில் வேலை செய்கிறாள், பிரெஞ்சில் நினைத்துத் தமிழில் கதைக்கிறவள். அத்தானின் மூக்கு அப்படியே அவளுக்கு.

"சித்தி, எனக்கு இது வாசிக்கத் தெரியாது. நீங்கள்தான் எழுதினது எண்டு அம்மா சொன்னா. அப்பாவைப் பற்றி என்ன எழுதினீங்கள்? வாசிச்சுக் காட்டுங்கோ, ப்ளீஸ்."

இதை நானும் யோசிக்கவில்லை, ஃப்ராவ் ஆல்பெர்ஸும் யோசிக்கவில்லை. எத்தனை பேர் வாசிப்பார்கள், எங்கே வெட்டுவார்கள், எந்தச் சொல் எங்கே குத்தும் என்றெல்லாம் பார்த்தோம். அவருடைய பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது என் மனதில் வரவே இல்லை. வேண்டாம், பிறகு பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். நான் வாசித்தேன். முற்றுப்புள்ளியில் நின்று நின்று வாசித்தேன். எழுத்துத் தமிழ் அவளுக்கு விளங்கவில்லை, ஒவ்வொரு வசனமாகப் பேச்சில் சொல்லவேண்டியிருந்தது. மனச்சாட்சி என்றால் என்ன என்று கேட்டாள். பிரெஞ்சுச் சொல்லைச் சொன்னேன். நடுப்பந்தி முடிந்ததும் அவள் என் கையில் இருந்த மலரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது.

"பிரியந்தி அன்ரிக்காக அப்பா பாரிஸ் மட்டும் போனவரா? ஒருத்தரும் கேக்காமல்?"

"ஓம்."

"அந்த மாப்பிள்ளை கூடாத ஆளோ? அப்பா அவவைக் காப்பாத்தினவரோ?"

இல்லையடி, நல்ல பெடியன், உன் கொப்பன்தான் அவளுடைய வாழ்க்கையைக் கெடுத்தவன். வாய் வரை வந்தது. நாக்கில் வைத்துக்கொண்டு இருந்தேன். மண்டபத்தில் எத்தனை பேர் வயிறு எரிந்தாலும் எனக்கு நல்லது என்றிருந்தேன், ஆனால் இவள் இப்படி ஈரக் கண்ணோடு வந்து, என் கத்தியைப் பூ என்று நினைத்துக் கையில் வாங்கிக்கொள்வாள் என்று யார் கண்டது? க்ரெல்லின் பெண்சாதி அனுப்பிய அந்த அட்டை ஃப்ராவ் ஆல்பெர்ஸுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அந்த நிமிடத்தில்தான் விளங்கியது. பெருந்தன்மையான சித்தி என்று இவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வீட்டில அப்பா என்னோட ஒண்டுமே கதைக்கமாட்டார், சித்தி. படி, படி எண்டதைத் தவிர. அவர் இப்பிடியான ஆள் எண்டு எனக்குத் தெரியாது." மூக்கைத் துடைத்தாள். "அன்ரி இன்னும் அப்பாவை நினைக்கிறாவோ?"

"ஒவ்வொரு நாளும் நினைப்பாள்" என்றேன். அதில் பொய் இல்லை.

"அவவின்ர நம்பர் இருக்கோ? நான் அவவோட கதைக்கவேணும். இப்பவே."

ஜேர்மனியில் அப்போது பொழுதுபட்டிருக்கும், பிரியந்தி வேலைவிட்டு வந்திருப்பாள். இப்படி ஒரு மலர் அடித்ததே அவளுக்குத் தெரியாது. கிறிஸ்தோப்பர் செத்ததை நான் சொன்னபோது "ம்" என்று மட்டும் சொன்னவள். அவளைக் கேட்காமல் அவளுடைய கதையை எடுத்து நான் இருநூறு பிரதி அடித்து விநியோகித்திருக்கிறேன். இப்போது அந்த மனுசனின் மகள் அவளைக் கூப்பிட்டு நன்றி சொல்லப்போகிறாள். தடுக்கவேண்டும் என்று தோன்றியது. அதைவிடப் பலமாக இன்னொன்று தோன்றியது. நான் சொல்லமுடியாததை அவள் சொல்லட்டும். இவ்வளவு காலமும் வாயைத் திறக்காதவள் இன்றைக்கு இந்த மூக்கின் சொந்தக்காரிக்கு ஒருதரம் திறக்கட்டும். நம்பரைச் சொன்னேன். மெலனி தன் செல்போனில் அழுத்தினாள். சத்தம் அதிகம் என்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மலரையும் என் கையில் இருந்து வாங்கிக்கொண்டு, மூலையில் இருந்த யன்னலடிக்குப் போனாள்.

நான் எழும்பி நின்றேன். அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. "ஹலோ, பிரியந்தி அன்ரியோ? நான் மெலனி. கிறிஸ்தோப்பரின்ர மகள்" என்றது கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு, "ஓம், இண்டைக்கு முப்பத்தொண்டு. ஓம், அம்மா சுகம்." பிறகு அவள் தன் உடைந்த தமிழில் நீளமாக ஏதோ சொன்னாள், பாரிஸ் என்ற சொல் வந்தது, நன்றிக்குப் பிரெஞ்சில் சொல்கிற மெர்சியும் வந்தது. அருமைராசா வாளியோடு ரசம் கொண்டுவந்து என் முன்னால் நின்று, "என்ன, நிக்கிறீர்?" என்றார். நான் கையைக் காட்டி அவரை விலத்திவிட்டேன்.

மெலனி கதைப்பதை நிறுத்தியிருந்தாள். இப்போது கேட்டுக்கொண்டிருந்தாள். கனநேரம் கேட்டாள். "ஓம்" என்றுகூடச் சொல்லவில்லை. ஹம் நகரத்து ஒற்றை அறையில் இருந்து என் தங்கை என்ன சொல்கிறாள் என்று அந்த முதுகிலே தேடித் தேடிப் பார்த்தேன். அழுகிறாளா, தலையாட்டுகிறாளா, ஒன்றும் பிடிபடவில்லை. போனைப் பிடிக்காத கையில் நினைவு மலர் இருந்தது. அவள் யன்னல் பக்கம் பார்த்தபடியே அதைத் தன் தொடையில் வைத்து ஒருகையால் சுருட்டத் தொடங்கினாள். மெதுவாகச் சுருட்டினாள், பிறகு அவிழ்த்துவிட்டு முதலில் இருந்து இறுக்கிச் சுருட்டினாள். அட்டையில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக இருந்த அத்தானின் நெற்றி உள்ளே போனது, மூக்குப் போனது, வாய் போனது.